மூன்று சனிக்கிழமை எடை

ஜனவரி 22, திங்கள்

கோயம்புத்தூருக்கு அனுப்பிய அறுபது உப்பு ஜாடிகளில் முப்பத்தெட்டு வெடித்தும் கோணியும் திரும்பி வந்துவிட்டன.

பார்சல் ஆபீசிலேயே ஒரு பெட்டியைப் பிரித்தேன். முதல் ஜாடி தோளிலிருந்து அடிவரை கீறியிருந்தது, ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவுக்கு. இரண்டாவதில் வெடிப்பு இல்லை. ஆனால் வாய் கோணி முட்டை மாதிரி ஆகிவிட்டது, மூடி ஏறவில்லை. மூன்றாவதைப் பார்க்காமல் பெட்டியை மூடினேன். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டிய அட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. 'ஒரே பலாக்கட்டையில் குடைந்தது. கடைந்தவர்: சொரிமுத்து, அம்பாசமுத்திரம்.' என் மரச்சாமான் கடையின் பேர் அட்டையின் பின்பக்கம், பொடி எழுத்தில். அட்டை யோசனை, ஜாடி வாங்கிய கோயம்புத்தூர்க் கடைக்காரி மேனகாவுடையது. செய்தவன் பேர் இருந்தால்தான் அவள் கடைக்கு வருகிறவர்களுக்குப் பிடிக்குமாம்.

பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேரே சொரிமுத்துவின் கடைசல் பட்டறைக்குப் போனேன். லேத்து ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்சை நானே அணைத்தேன். வெடித்த ஜாடியைக் கையில் எடுத்து, தெருவில் நின்றுகொண்டே கேட்டேன். எதிர் டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இருக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

"என்னத்தலே கடைஞ்சு வச்சிருக்க? குடிச்சிட்டு உளியப் பிடிச்சியா?"

அவன் குடியை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அது எனக்கும் தெரியும், டீக்கடைக்கும் தெரியும். வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

அவன் ஜாடியை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். கீறலுக்குள் கட்டைவிரல் நகத்தை விட்டு மேலிருந்து கீழே ஓட்டினான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

"எடை நின்னுச்சுல்லாக்கா?"

"நின்னுச்சு. நான்தான எழுதியிருக்கேன்."

தலையை ஆட்டிக்கொண்டு ஜாடியைத் திரும்பத் தந்தான். எதிர்த்து நாலு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு ஆத்திரம் அடங்கியிருக்கும். நான் ஆட்டோ ஏறும்வரை அவன் லேத்தைக்கூடப் போடவில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

காலையில் மேனகாவின் போன். கோயம்புத்தூர்க்காரர்கள் திட்டுவதைக்கூட மரியாதையாகத் திட்டுவார்கள், அது இன்னும் எரிச்சல். மார்ச் பதினைந்துக்குள் அறுபது ஜாடியும் புதிதாக வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஊரில் பார்த்துக்கொள்வாளாம். போனால் இந்த அறுபதோடு போகாது. அவள் மூலமாக வரும் நாலு கடையும் போகும்.

கடைந்தவன் தப்பு என்று சொன்னேன். அவள் வாங்கியவர்கள் எல்லோருக்கும் தகவல் போடப்போவதாகச் சொன்னாள். சொரிமுத்து செய்த ஜாடி யாரிடம் இருந்தாலும் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள் என்று.

"அவுங்க பேரைச் சொல்லித்தானுங்க வித்தோம். அவுங்க பேரைச் சொல்லித்தான் திருப்பி வாங்கோணும்."

சரி என்றேன்.

நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்ல வசதியாக, எங்கள் முறையை இங்கே எழுதி வைக்கிறேன். பச்சைப் பலாக்கட்டையைச் சொரிமுத்து முதலில் ஒன்றரை விரல் கனம் விட்டுக் குடைவான். அதை அதன் சீவலுக்குள்ளேயே புதைத்துச் சாக்கில் கட்டி என் கிட்டங்கிக்கு அனுப்பிவிடுவான். கடைக்குப் பின்சந்தில், சரக்குப் போட்டு வைக்கிற கிட்டங்கி. அங்கே மரம் மெதுவாகக் காயும். சனிக்கிழமைதோறும் நான் ஒவ்வொன்றையும் மின்தராசில் வைத்து, அடியில் பென்சிலால் தேதியும் எடையும் எழுதுவேன். வாராவாரம் எடை குறைந்துகொண்டே வரும். மூன்று சனிக்கிழமை தொடர்ந்து குறையாமல் நின்றால் மரம் அடங்கிவிட்டது என்று கணக்கு. அதற்குப் பிறகுதான் சொரிமுத்து மறுபடி லேத்தில் மாட்டி, விரலில் கால் பங்கு கனத்துக்கு இழைத்து முடிப்பான். கடைசியில் அடிக்கட்டையை வில்லையாக அறுத்துத் தள்ளுவான்.

இது பத்தொன்பது வருஷமாக நடக்கிற முறை. கடைவது அவன். எடை என்னுடையது. ஒருவர் வேலையில் ஒருவர் கைவைத்ததில்லை.

மின்கட்டணம் கட்டினேன். வரிசையில் முக்கால் மணி நேரம்.

ஜனவரி 24, புதன்

கிட்டங்கியில் எலி. மூன்று சாக்கைக் கடித்திருக்கிறது. பொறி வாங்க வேண்டும்.

ஜனவரி 27, சனி

எடை நாள். அறுபது போக மிச்சம் பதினாலு ஜாடி இன்னும் சீவலுக்குள் இருக்கிறது. அதே மரம், அதே வாரத்தில் குடைந்தது. எடுத்து வைத்துப் பார்த்தேன். முதலாவது போன சனிக்கிழமையைவிடப் பதினோரு கிராம் குறைவு. இரண்டாவது ஒன்பது. எல்லாமே இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

இந்தத் தடவை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன்.

எங்கள் வீட்டுக்காரர் கிட்டங்கி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் கம்பத்தின் மேலிருந்து ஊரைப் பார்த்த மனிதர். பேச்சு குறைவு, பார்வை அதிகம். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை, பென்சில் சின்னதாகிவிட்டதே என்றார்.

ஜனவரி 30, செவ்வாய்

சொரிமுத்து இல்லாவிட்டால் ஊரில் லேத்தே இல்லையா? பக்கத்து ஊருக்குப் போய், கடைசல்காரன் தளவாயைப் பார்த்தேன். அவனிடம் புது இயந்திரம், வெளியூரிலிருந்து வரவழைத்தது. பட்டறையே ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளையடித்து வைத்திருக்கிறான். இரண்டு பலாக்கட்டை கொடுத்து என் கண் முன்னாலேயே குடையச் சொன்னேன்.

ஜாடியின் வயிறு தேங்காய் அளவு, வாய் மூன்று விரல். அந்த மூன்று விரல் வழியாக வளைந்த உளியை விட்டு, கண்ணுக்குத் தெரியாத வயிற்றை உள்ளிருந்து அரிக்க வேண்டும். அதுதான் வேலையே. தளவாய் முதல் கட்டையில் பக்கவாட்டில் ஓட்டை போட்டான். இரண்டாவதில் உளி மாட்டிக்கொண்டு கட்டை லேத்தைவிட்டுப் பறந்து சுவரில் மோதியது. நல்லவேளை, நான் வாசலில் நின்றேன்.

அசடு வழியவில்லை அவன். எனக்கு யோசனை சொன்னான். இரண்டு பாதியாகக் கடைந்து, பசை போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் சுற்றிலும் ஒரு கோடு இழுத்துவிட்டால் அழகுக்குப் போட்ட கோடு என்று நினைத்துக்கொள்வார்களாம். ஒரு நாளைக்கு இருபது ஜாடி தருவானாம்.

"எவன் அறுத்துப் பாக்கப்போறான், சொல்லுங்க?"

எனக்கு வந்ததே கோபம். என் கடையில் ஒட்டு வேலை கிடையாது, ஒரே கட்டை என்று அட்டையில் போட்டுவிட்டு இரண்டு பாதியை விற்கிற ஆள் நான் இல்லை, ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் படித்துறையில் சாக்கு விரித்து மரச்செப்பு விற்ற நாளிலிருந்து இன்றுவரை ஒரு பொய் சொல்லி நான் சாமான் விற்றதில்லை என்று கத்திவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு நெஞ்செரிச்சல். காலையில் சாப்பிட்ட வடை.

பிப்ரவரி 3, சனி

சொரிமுத்துவின் பெண்டாட்டி சண்முகவடிவு கடைக்கு வந்தாள். அவள்தான் பட்டறையில் ஜாடிகளுக்குத் தாழை மடல் போட்டுத் தேய்த்து மெழுகு ஏற்றுகிறவள். பல் வலிக்கு மருந்து வாங்க வந்ததாகச் சொன்னாள். மருந்துக்கடை இங்கிருந்து நாலு கடை தள்ளி இருக்கிறது.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். பட்டறைக்கு வேலை வருவதில்லை என்றாள். நாற்காலிக் கால் கடையக் கொடுக்கிற மரக்கடைக்காரர் இந்த மாதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கோயம்புத்தூரில் போட்ட தகவல் யார் யார் போனிலேயோ சுற்றி அம்பாசமுத்திரத்துக்கே வந்துவிட்டதாம். இப்போது சப்பாத்திக் கட்டை மட்டும் கடைகிறானாம். எல்லாவற்றையும் விலைப்பட்டியல் வாசிப்பது மாதிரிச் சொன்னாள்.

"ஒம்பது வருசமா அவுக சோடாகூடக் குடிக்கதில்ல. இப்பம் டீக்கடையில கிளாச நீட்டுதவன் மூக்கையும் சேத்து நீட்டுதான்."

நான் என்ன செய்வது, ஜாடி வெடித்தது வெடித்ததுதானே என்றேன்.

அதற்கு அவள், அறுத்துத் தள்ளிய அடி வில்லைகளைச் சொரிமுத்து எறிவதில்லை என்றாள். அது எனக்கும் தெரியும். கம்பியில் கோத்து ஆணியில் மாட்டி வைப்பான், எத்தனை செய்தான் என்கிற கணக்குக்கு. அந்த அறுபது வில்லையும் ஆணியில் இருக்கின்றன. அவற்றில் என் எழுத்து இருக்கிறது.

"நேத்து எறக்கி ஒவ்வொண்ணாப் பாத்தேன், யக்கா. அறுவது ஜாடியும் ஒரே சனிக்கிழமையில எடை நின்னிருக்கு. மில்லுல சங்கு ஊதின மாதிரி. அதுக்கப்புறம் ஒரு கிராம் ஏறல, ஒரு கிராம் எறங்கல."

மரத்தைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று கேட்டேன். இல்லை, பல் வலிக்குத்தான் வந்தேன் என்று எழுந்து போய்விட்டாள். மருந்துக்கடைப் பக்கம் திரும்பவே இல்லை.

இன்று பதினாலு ஜாடியும் எடை போட்டேன். இறங்குகின்றன.

பிப்ரவரி 4, ஞாயிறு

யோசித்துப் பார்த்தேன். பலாக்கட்டை என் காசில் வாங்கியது. கட்டை என்னுடையது என்றால் அதிலிருந்து அறுத்த வில்லையும் என்னுடையதுதான். இதில் சட்டம் பேச ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, பட்டறைக்குப் போய் அந்தக் கம்பியை வாங்கி வரச் சொன்னேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். டீ குடித்தாராம். இரண்டு பேருமாக ரேடியோ கேட்டார்களாம்.

"வில்ல எங்க?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "கார்த்திகையில மூணு சனிக்கிழமை நீ கிட்டங்கிக்கே போகல. சந்துல முட்டளவு தண்ணி கெடந்துச்சு. சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு."

அவருக்கு வரவர ஞாபகம் தப்புகிறது. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பிப்ரவரி 5, திங்கள்

எலி விழுந்தது.

பிப்ரவரி 10, சனி

எல்லோர் மேலும் கோபமாக வருகிறது. எழுதினாலாவது குறையுமா என்று பார்க்கிறேன்.

முதலில் மழை மேல். ஐப்பசியில் ஆரம்பித்து மார்கழி பிறந்தும் விடவில்லை. காற்றே ஈரமாக இருந்தால் மரம் எங்கிருந்து காயும்? அடுத்தது நகராட்சி மேல். சந்துச் சாக்கடையை அள்ளச் சொல்லி மூன்று மனு கொடுத்தேன்; மூன்றையும் தண்ணீரோடு விட்டிருப்பார்கள். மேனகா மேல். ஜனவரி கடைசியில் கொடுத்தால் போதும் என்று சொல்லியிருந்தவள் டிசம்பரில் போன் போட்டு, பொங்கலுக்கு முன்னால் கடை திறக்கிறேன், ஜனவரி முதல் வாரமே கொடுத்துவிடுங்கள் அக்கா என்றாள்.

சரி என்று சொன்னது நான்தான். சொரிமுத்துவைக் கேட்கவில்லை, மரத்தையும் கேட்கவில்லை. முதலில் சரி என்று சொல்லிவிடுவேன், வழி பிறகு தேடிக்கொள்வேன். அப்படித்தான் சாக்கிலிருந்து கடைக்கு வந்தேன். சரி சொல்லத் தயங்கின பேர்கள் இன்றைக்கும் படித்துறையில் சாக்கு விரித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

பதினாலில் மூன்று ஜாடியில் வாரக் குறைவு ஏழு கிராமுக்கு வந்திருக்கிறது. மற்றவை எட்டு, ஒன்பது. இவை நிற்க இன்னும் ஒன்றரை மாதமாவது ஆகும்.

அறுபதும் இதே மரம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

பட்டறைக்குப் போனேன். கம்பியை நானே வாங்கிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

சொரிமுத்து ஒரு ஜாடி குடைந்துகொண்டிருந்தான். யாரும் கேட்காத ஜாடி, அவனே வாங்கிய கட்டை. வாங்க என்று தலையசைத்தான், நிறுத்தவில்லை. நானும் அணைக்கவில்லை.

பச்சை மரம் சுற்றும்போது தண்ணீர் தெறிக்கும். அவன் முகத்தில், பனியனில், பின்சுவரில் எல்லாம் மஞ்சள் பொட்டு. வலது கை உளிப்பிடியில், பிடியின் பின்கட்டை அக்குளில் இறுக்கியிருந்தது. இடது கை விரல்களைச் சுற்றுகிற ஜாடியின் வெளிப்புறத்தில் மெல்ல வைத்திருந்தான். உள்ளே உளி எங்கே போகிறது என்பதை அந்த விரல்கள் சொல்கின்றன. கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே குடைந்தான். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை லேத்தை நிறுத்தி, கொக்கிக் கம்பியை வாய்க்குள் விட்டுச் சீவலை இழுத்துப் போட்டான். முழ நீளத்துக்கு, ரிப்பன் மாதிரி வந்தது. ஈரச் சீவல். பழுத்த பலாப்பழ வாசனை.

ஆணியில் கம்பி தொங்கியது. கையை நீட்டினால் எட்டும்.

அவன் உள்ளே சுண்டிப் பார்த்தான். கட்டையாக ஒரு சத்தம். கனம் போதும் என்று உளியை வெளியே எடுத்தான். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் கேட்காமலே சொன்னான்.

"அந்த அறுவதயும் இழைக்கும்போது சீவல் இப்பிடித்தான் நீளமா வந்துச்சு. காஞ்ச மரம்னா பொடியாத்தான் உதிரும். கைக்குத் தெரிஞ்சிட்டு."

"தெரிஞ்சா ஏம்ல நிப்பாட்டல?"

"அடியத் திருப்பிப் பாத்தேன். நீங்க எழுதியிருந்தீக. பத்தொம்பது வருசத்துல உங்க எழுத்து ஒரு தடவகூடத் தப்பினதில்ல. மழைக்காலம், என் கைக்குத்தான் ஈரம் ஏறிட்டு போலன்னு நெனச்சு இழைச்சிட்டேன்."

கம்பியை நான் கேட்கவில்லை. அவன் மேல்தான் கோபமாக வந்தது. கையில் தெரிந்ததை விட்டுவிட்டு நான் கிறுக்கியதை நம்பச் சொன்னது யார்? ஒரு போன் போட்டு, அக்கா மரம் ஈரமாக இருக்கிறது என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? இழைத்துக் கொடு, எடை நின்றுவிட்டது என்றுதான் சொல்லியிருப்பேன். அதுவும் அவனுக்குத் தெரிந்திருக்குமோ?

வெளியே வரும்போது டீக்கடையில் ஒருவன் சொரிமுத்துவின் பட்டறையைக் காட்டிக் கையைக் கட்டைவிரலோடு வாய்க்குக் கொண்டுபோய்ச் சாய்த்துக் காட்டினான். என்னைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நின்றான்.

பிப்ரவரி 14, புதன்

கடை திறக்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 17, சனி

பதினாலு ஜாடியும் எடை போட்டேன். ஆறு, ஏழு, ஆறு. பிறகு அந்தப் பென்சிலை வைத்துக்கொண்டே இங்கே எழுத உட்கார்ந்தேன்.

டிசம்பர் 2, 9, 16. மூன்று சனிக்கிழமையும் நான் கிட்டங்கிக்குப் போகவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு, 19ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, சாக்குகளைக் கடைக்குக் கொண்டுவரச் சொன்னேன். முதல் ஜாடியைத் தராசில் வைத்தேன். நவம்பர் கடைசியில் எழுதியதைவிட நாற்பது கிராம் இறங்கியிருந்தது. நிற்கவில்லை என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு தராசில் எதையும் வைக்கவில்லை. அணைத்துவிட்டு, மடியில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்து, தோதாக ஒரு எடையை நினைத்து, மூன்று தேதிக்கும் அதையே எழுதினேன். அறுபது ஜாடி, நூற்று எண்பது எடை. நடுவில் இரண்டு தடவை பென்சில் சீவினேன். நடுவிரலில் கொப்புளம் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் அதற்குத் தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டார், என்ன ஏது என்று கேட்கவில்லை.

அவருக்கு ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது.

ஒட்டுப் போடலாம் என்று சொன்ன தளவாயிடம் நான் கத்தியதை நினைத்தால் இப்போது என் கன்னத்திலேயே அறையலாம் போல இருக்கிறது. அவன் பசையால் ஒட்டச் சொன்னான். நான் பென்சிலால் ஒட்டியிருக்கிறேன்.

இதை எழுதிவிட்டதால் கோபம் குறைந்துவிடவில்லை. போக இடம் இல்லாமல் என்னிடமே உட்கார்ந்திருக்கிறது.

பிப்ரவரி 19, திங்கள்

மேனகாவுக்குப் போன் செய்தேன். எடையைப் பார்க்காமல் எழுதியது நான், கடைந்தவன் மேல் குற்றம் இல்லை, மார்ச் பதினைந்துக்கு அறுபது ஜாடி தர முடியாது, மரம் அடங்க மே கடைசி ஆகும் என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் வியாபாரப் பேச்சு வந்துவிடும்.

அவள் அதே மரியாதையோடுதான் பதில் சொன்னாள்.

"அப்ப உங்க பேரைச் சொல்லித்தானுங்க இப்ப மறுபடி எழுதோணும்."

"எழுதுங்க."

"கடை பேரும் சேர்த்துங்களா அக்கா?"

"கடை பேருதான் என் பேரு."

மே கடைசிவரை காத்திருப்பதைப் பற்றி அவள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். நாலு கடையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு டீக்கடைக்குப் போனேன். அன்றைக்கு நின்ற அதே தெரு. கூட்டம் அன்றைக்கு இருந்ததைவிட அதிகம். அது என் நேரம். டீ சொன்னேன், வந்ததும் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டேன்.

"போன மாசம் இந்தத் தெருவுல நின்னு சொரிமுத்து குடிச்சிட்டு வேலை பாத்தான்னு சொன்னேன். அவன் குடிக்கல. எடையப் பொய்யா எழுதினது நான்."

வடைச் சட்டி மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. பிறகு பெஞ்சின் கோடியிலிருந்து ஒரு கிழவர், யாரென்று தெரியவில்லை, மெதுவாகக் கேட்டார்.

"அப்பம் நீங்க குடிச்சிருந்தீகளோ?"

கடையே சிரித்தது. டீ போடுகிறவன் முதுகைத் திருப்பிக்கொண்டு குலுங்கினான். எனக்குக் காதுவரை சூடு ஏறிவிட்டது. இந்த ஊரில் என்னைப் பார்த்து இப்படிக் கேட்க ஒருவருக்கும் தைரியம் இருந்ததில்லை. வேறு நாளாக இருந்தால் கையிலிருந்த டீயை அந்த ஆளின் மடியில் ஊற்றியிருப்பேன். நின்று, முழுவதும் குடித்து, கிளாசை வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

எதிரே பட்டறையில் லேத்து ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் வடிவு கூட்டிக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள். தலை நிமிரவில்லை. பல் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கொஞ்சம் தேவலை" என்றாள்.

பிப்ரவரி 21, புதன்

மேனகா போன் செய்தாள். மே முப்பதுவரை காத்திருப்பாள், ஒரு நாள் தள்ளினாலும் வேண்டாம். நாலு கடைகளில் இரண்டு விலகிவிட்டன.

பத்து மணிக்குப் பட்டறைக்குப் போனேன். சொரிமுத்து உளி தீட்டிக்கொண்டே இருந்தான், பேசியது வடிவு. எனக்கு முன்பே எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறாள். இவள் கடை வைத்திருந்தால் நான் இன்றைக்கும் படித்துறையில்தான் உட்கார்ந்திருப்பேன். நான் ஒவ்வொன்றுக்கும் இழுத்துப் பார்த்தேன், பழக்கதோஷம். ஒன்றுகூட அசையவில்லை.

கூலியை ஏற்றிக் கேட்பார்கள் என்று நானே ஒரு தொகை நினைத்துக்கொண்டு போயிருந்தேன். ஜாடிக்கு ஐம்பது ரூபாய் ஏற்றித் தருகிறேன் என்று நானாகவும் சொன்னேன். சொரிமுத்து அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"அது வேண்டாங்க்கா. வாங்கிட்டா பேசாம இருக்கச் சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிரும்."

வாங்கிக்கொண்டு தொலைத்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். வரும் வழியெல்லாம் அந்த ஐம்பது ரூபாய் மேலேயே கோபமாக இருந்தது.

பேசி முடித்தது இது. புதிய அறுபது ஜாடிக்கு இந்த வாரமே பலாக்கட்டை நான் இறக்க வேண்டும். காய்வது என் கிட்டங்கியில் இல்லை, அவர்கள் பட்டறையின் பின்கட்டில். மின்தராசு நாளைக் காலையில் அங்கே போகிறது. சனிக்கிழமை நான் போகலாம், பார்க்கலாம். பென்சிலைத் தொடக் கூடாது. எழுதுவது வடிவு. அவளைக் கேட்காமல் எந்த ஊருக்கும் நான் தேதி சொல்லக் கூடாது. சீவல் நீளமாக வந்தால், எடை என்ன சொன்னாலும், சொரிமுத்து லேத்தை நிறுத்துவான். அட்டையில் அவன் பேர் முன்பக்கம் அப்படியே இருக்கும். என் கடையின் பேரும் முன்பக்கத்துக்கு வரும், அதே அளவு எழுத்தில். கூலி ஜாடிக்கு முன்னூற்று இருபது, பழைய கூலி. அந்த அறுபது வில்லையும் அதே ஆணியில்தான் கிடக்கும். நான் கேட்கக் கூடாது.